‘கரசு’ என்றால் என்ன?

கேள்வி: மேடம், எனக்கு 56 வயது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். கும்பகோணத்தில் ஒரு தனியார் ரைஸ் மில்லில் 31 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முதல் வருடம் படிக்கும்போது அப்பா தவறிவிட்டார், படிப்பு அதோடு நின்றது. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான்கு வருடமாக ஓர் அரிப்பு. ஒரு ஜனவரியில் 18,000 ரூபாய் கட்டி ஆன்லைனில் ஆங்கிலம் பேசும் வகுப்பில் சேர்ந்தேன், அப்புறம் கீபோர்டு வாங்கினேன், எக்செல் வகுப்புக்குப் போனேன், கல்வெட்டு படிக்கப் பழகினேன். நான்கையும் விட்டுவிட்டேன். ராத்திரி படித்தது காலையில் நினைவில் இல்லை. எக்செல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பையன், என் மகன் வயதுகூட இருக்காது, ‘அங்கிள், இது உங்களுக்கு செட் ஆகாது’ என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். வீட்டில், ‘இனிமே படிச்சு கலெக்டர் ஆகப்போறீங்களா’ என்கிறாள். இந்த வயதில் கற்றுக்கொள்வதில் அர்த்தம் உண்டா, இல்லை வேலையற்ற ஆசையா? எதைப் படிப்பது? எங்கள் ஊர்ச் சிவன் கோயில் சுவரிலிருந்து ஒரு வரியை எழுதி இணைத்திருக்கிறேன். அதில் ‘கரசு’ என்று ஒரு சொல் வருகிறது, எந்த அகராதியிலும் இல்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்: சார், உங்கள் கடிதம் ஆறு பக்கம், இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன். சுருக்குவதற்கு முன்னால் எந்த விஷயத்துக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முதியோர் கல்வி, அஞ்சல்வழிப் படிப்பு என்று தஞ்சாவூரில் முப்பது வருடம் இதே வேலையாக இருந்ததில் வந்த பழக்கம் இது. ஆங்கிலத்துக்கு நான்கு வரி. கீபோர்டுக்கு ஒன்றரை. எக்செலுக்கு ஒரு பத்தி, அதிலும் முக்கால்வாசி அந்தப் பையன் மேலுள்ள கோபம். மீதி நாலரைப் பக்கமும் கோயில் சுவர்தான். சாயங்காலம் மில்லிலிருந்து வந்து சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு நிற்பது, வடக்குச் சுவரில் பாசி படிந்து கிடப்பது, கருவறைக்குப் பின்பக்கம் மூன்றாவது வரியில் ஓர் எழுத்து மட்டும் சுண்ணாம்பு அப்பி மறைந்திருப்பது, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பழைய பேரேட்டுத் தாளில் பென்சிலால் பார்த்துப் பார்த்து வரைந்து அனுப்பியும் இருக்கிறீர்கள்.

இதை விட்டுவிட்டதாக யார் சொன்னது? நீங்கள் விட்டது மூன்றை. நான்காவதை விடவில்லை, ‘படிக்கிறேன்’ என்று வெளியில் சொல்வதைத்தான் விட்டிருக்கிறீர்கள்.

மறதிக்கு முதலில் வருகிறேன், உங்கள் வயதில் வரும் எல்லாரும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். வயது ஏறும்போது வேகம் குறையும், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. புதுப் பெயரோ எண்ணோ கேட்டவுடன் மனதில் ஒட்ட முன்னைவிட நேரமாகும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தால் இரண்டும் சொதப்பும். ஆனால் சொல்வளமும் ஒன்றை இன்னொன்றோடு இணைத்துப் புரிந்துகொள்வதும் அறுபதைத் தாண்டியும் நன்றாகவே இருக்கும். இன்னொரு விஷயம், ராத்திரி படித்தது காலையில் மறப்பது வயதினால் வந்த வியாதி கிடையாது. ஜெர்மனியில் எர்மன் எபிங்காஸ் என்றொருவர் அர்த்தமில்லாத அசைகளாகப் பட்டியல் போட்டுத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் அதை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 35. மறதியில் பெரும்பங்கு முதல் ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, அதன்பின் மெதுவாகத்தான் குறைகிறது என்று கண்டார். ஆக, காலையில் ஒன்றும் இல்லையே என்று நீங்கள் பயந்தது எல்லாருக்கும் நடக்கிற ஒன்று. பள்ளியில் படிக்கும்போதும் உங்களுக்கு இப்படித்தான் மறந்திருக்கும், மறுநாள் வாத்தியார் பிரம்போடு வந்து திரும்பக் கேட்டதால் அது உங்களுக்குத் தெரியாமல் போனது.

இதற்கு வைத்தியம் நெல் வயலிலேயே இருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்வார்களே, எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், மண் லேசாக வெடிப்பு விடும்போது அடுத்த பாய்ச்சல் என்று, படிப்பும் அதேதான். ஒரே ராத்திரியில் மூன்று மணி நேரம் உட்காருவது வயலில் தண்ணீரைத் தேக்கி வைப்பது மாதிரி, வேர் கீழே இறங்காது. அரை மணி படியுங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் வெறும் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள், பாதிதான் வரும், மீதியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அப்புறம் மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து. கொஞ்சம் மறக்க விட்டு, முக்கி முனகி நினைவுக்குக் கொண்டுவரும் அந்தச் சிரமத்தில்தான் ஒட்டுகிறது. திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தால் தெரிந்த மாதிரி இருக்கும், கேட்டால் வராது.

பொதுவாக எல்லாருக்கும் சொல்வது: பழகின வழி தடுமாறுகிறது, வீட்டு மனிதர் பெயர் வரவில்லை, கொடுத்த பணத்தையே மறந்துபோய் இன்னொரு முறை கொடுக்கிறோம் என்றால் அது வேறு, டாக்டரைப் பார்க்க வேண்டும். அதே மாதிரி, ‘தினம் புதிது கற்றால் மறதி நோயே வராது’ என்று வகுப்பு விற்பவர்களை நம்பாதீர்கள், அப்படி உத்தரவாதம் யாராலும் தர முடியாது. போய்ப் பார்க்கச் சொல்லும் முதல் ஆள் கண் டாக்டர். மறந்து போகிறது என்று என்னிடம் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வெள்ளெழுத்துதான் பிரச்சினையாக இருந்தது, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் களைத்துப்போய், மூளை வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி அந்தப் பையன். அவன் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் ஒரு வாக்கியம் சொன்னான், நீங்கள் அதைச் சுமந்துகொண்டு கீபோர்டையும் மூடிவிட்டீர்கள். கீபோர்டு அவனுக்கு என்ன பாவம் செய்தது?

எனக்கு இது தெரியும். 49 வயதில் திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் வயலின் கற்றுக்கொள்ளப் போனேன். சனிக்கிழமை காலை, பாயில் ஏழெட்டுக் குழந்தைகள், எல்லாம் மூன்றாம் வகுப்பு நாலாம் வகுப்பு, நடுவில் நான் ஒருத்தி கால் மடக்கி உட்கார்ந்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. மூன்றாவது வாரம் ஒரு பெண் குழந்தை என் வில்லைப் பிடித்துத் திருத்தி, ‘ஆன்ட்டி, கட்டை விரல மடக்கணும்’ என்றது. நல்ல மனதோடுதான் சொன்னது. நான் ஐந்தாவது மாதம் நிறுத்திவிட்டேன். எல்லாரிடமும் கழுத்து வலி என்று சொன்னேன். கழுத்தில் ஒன்றுமில்லை சார். வாரம் முழுக்க மற்றவர்களுக்கு ‘வயது ஒரு தடையில்லை’ என்று பேசிவிட்டுச் சனிக்கிழமை எட்டு வயதுக் குழந்தை முன்னால் தெரியாதவளாக உட்கார எனக்குக் கூசியது. வயலின் இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. திரும்ப எடுத்து வாசித்துக் கச்சேரி செய்தேன் என்று முடித்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும், அப்படி நடக்கவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தார், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த வருடமே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்க, முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். பார்த்ததே இல்லை. கையில் ஏடு வந்தபோது படித்தால் புரியவுமில்லை, காரணம் அது சமண நூல். அப்போது என்ன செய்தார்? காலேஜில் பாடம் நடத்திக்கொண்டே, கும்பகோணத்திலிருந்த சமணர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து, அவர்கள் சமயத்தை அ, ஆ-விலிருந்து கேட்டுக் கற்றுக்கொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏழு வருடம். இதை எல்லாரும் பதிப்பு வரலாறாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வாத்தியார் வேலையில் இருந்துகொண்டே, அதே ஊரில், இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் மாணவனாக உட்கார்ந்த அந்த நேரம்.

ஆனால் உங்களிடம் கூச்சத்தை விடுங்கள் என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? எனக்கே முடியவில்லையே. வேறு வழி சொல்கிறேன். நீங்கள் விட்ட மூன்றும் உங்களை ஆறு வயதுக் குழந்தையாக்கிய படிப்புகள். 31 வருடம் நீங்கள் சேர்த்த எதற்கும் அங்கே மதிப்பில்லை, வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. நம் வயதில் வெறுந்தரையில் புதிதாக ஒன்று ஏறுவது கஷ்டம். ஏற்கெனவே இருக்கிற கொக்கியில் கொண்டுபோய் மாட்டினால் சட்டென்று நிற்கும். உங்களிடம் இருக்கிற கொக்கி என்ன? நெல்லும் கணக்கும். நீங்கள் கல்வெட்டைப் பக்தியாகவோ ராஜா கதையாகவோ நினைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் போலிருக்கிறது. சார், அந்தச் சுவரில் இருப்பதில் பெரும்பகுதி பேரேடு.

ராஜராஜன் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியலைப் பாருங்கள். கோயில் 1010-இல் முடிந்தது. ஒவ்வொரு நகையும் ‘ஆடவல்லான்’ என்று பெயர் வைத்த எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்கி எழுதியிருக்கும். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. முத்து எடை போட்டால் கோத்த சரடு எடை நீக்கி, நகையானால் உள்ளே அடைத்த அரக்கு சேர்த்து என்று அதையும் சொல்லியிருக்கும். மில் வாசலில் லாரி எடை போடும்போது சாக்கு எடை கழிக்கிற ஆள் நீங்கள், இதை உங்களுக்கு யார் விளக்க வேண்டும்?

கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. நிலமென்றால் வேலி, மா, காணி, முந்திரிகை. நம் பக்கம் இன்றும் ‘ரெண்டு மா நடவு’ என்றுதான் பேசுகிறோம், 20 மா சேர்ந்தால் வேலி. முந்திரிகை வேலியில் 320-இல் ஒரு பங்கு, அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் ‘கீழ்’ என்று போட்டு அந்த முந்திரிகையையே இன்னொரு முறை 320-ஆக வகுத்துக் கணக்கெழுதினார்கள். நெல்லானால் கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி. 12 குறுணி ஒரு கலம், 8 நாழி ஒரு குறுணி, மரக்கால் பிடித்து அளந்த வீட்டுப் பிள்ளை உங்களுக்கு இதில் பாதி சின்ன வயதிலேயே காதில் விழுந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பதிவு ஆடு பற்றியது. கோயிலில் ஒரு நொந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிக்க ஒருவர் 90 அல்லது 96 ஆடு கொடுப்பார். இடையர் அந்த மந்தையை வைத்துக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழமாகாத ஆடு. கிழ ஆடு போனால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டும், முதல் குறையக் கூடாது, வட்டி நெய்யாக வரும். தேய்மானமே போட முடியாத சொத்து. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் இதை ஒரு சொற்றொடராகப் பார்ப்பார், கணக்குப்பிள்ளைக்குத்தான் இதில் சிரிப்பு வரும்.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

யாரோ வட்டெழுத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அது பெரும்பாலும் பாண்டிய நாட்டுப் பக்கமும் சேர நாட்டுப் பக்கமும் ஓடிய எழுத்து, காவிரிக் கரைக் கோயில்களில் உங்களுக்குக் கிடைப்பது சோழர் காலத் தமிழ் எழுத்து, நடுநடுவே வடசொல்லுக்குக் கிரந்தம். இப்போது நாம் எழுதுவதிலிருந்து அது அவ்வளவு தூரமில்லை. 247 எழுத்துக்கும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், மறுபடி மூன்றாம் வகுப்புப் பாயில் உட்காருவீர்கள். தெரிந்த வாசகத்தை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடியுங்கள். ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி, ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கும், அவன் மகன் ராஜேந்திரனுடையது ‘திருமன்னி வளர’. இந்த இரண்டின் முதல் நாலைந்து வரிகளை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு சுவர் முன்னால் நில்லுங்கள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று கிரந்தத்தில் தொடங்கியதும் அடுத்து ‘தி’யா ‘ரு’வா என்று தேடினால் எழுத்து தானாக முகம் காட்டும். மெய்க்கீர்த்தி இல்லாமல் ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று வந்தால் அது முதலாம் பராந்தகன். மதுரை என்று தேடாதீர்கள், மதிரை என்றுதான் வெட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே கும்பகோணம் நாகேசுவரன் கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் போய் நின்று பாருங்கள்.

நேரம் முக்கியம். உச்சி வெயிலில் கல்வெட்டு தெரியாது. காலை ஏழு எட்டு மணிக்கோ சாயங்காலமோ வெயில் சுவரில் சாய்வாக விழும்போது பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும், வெயில் விழாத சுவரானால் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ், திருநீறு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது, அந்த மூன்றாவது வரிச் சுண்ணாம்பையும் சுரண்டாதீர்கள். படம் எடுப்பதற்கு முன்னால் குருக்களிடமோ கோயில் அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படிக்க முடியாததை வீட்டில் வைத்துப் பார்க்கத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி போதும், ஊல்ச் பதிப்பித்தது, பெரிய கோயில் கல்வெட்டுகள் அதில்தான் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இலிருந்து இருக்கிறது, கல்வெட்டுக்கென்றே துறை உண்டு, பேருந்தில் ஒரு மணி நேரம், ஒருநாள் நேரில் போய் வாருங்கள். போனில் கேட்பதைவிட நேரில் போனால் நம் ஆட்கள் நன்றாகப் பேசுவார்கள்.

ஆங்கிலத்தை ஏன் விட்டீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்கவில்லை போல. ஜனவரியில் சேர்ந்தேன் என்கிறீர்கள். தையிலிருந்து மாசி வரை சம்பா அறுவடை, மில்லில் மூச்சுவிட நேரமிருக்காது, ராத்திரி பத்து மணிக்கு வந்து யார் வகுப்பில் உட்காருவது? புத்தாண்டுத் தீர்மானமெல்லாம் டெல்டாக்காரனுக்கு ஒத்துவராது சார். உங்கள் படிப்பு வருடம் பங்குனியில் தொடங்கட்டும். குறுவை அறுவடை வரும்போது ஒரு மாதம் லீவு விட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பெயர் கைவிடுதல் இல்லை. ஆங்கிலம் இப்போது தேவையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், என் அபிப்பிராயம் தேவையில்லை. இனி எதற்கும் வருடப் பணம் முன்கூட்டிக் கட்டாதீர்கள், ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். எக்செல் வேண்டுமென்றால் வகுப்பே வேண்டாம், கோயில் சுவரில் கிடைக்கிற அளவைகளை ஒரு தாளில் போட்டுக் கலத்தை நாழியாக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் அந்தப் பையனுக்குத் தெரிகிற அளவு உங்களுக்கும் தெரியும். கீபோர்டைப் பேரப்பிள்ளைக்கு எடுத்து வையுங்கள். என் வயலினோடு சேர்த்து.

கலெக்டர் ஆகப்போறீங்களா என்று கேட்டவரைப் பற்றி. ஆறு பக்கத்தில் அவர் மூன்று இடத்தில் வருகிறார், மூன்றிலும் உங்களைக் கிண்டல் செய்யத்தான் வருகிறார். ஒரே ஓர் இடத்தில் போகிற போக்கில், ‘அவள் ஒன்பதாவதோடு நின்றவள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் நின்றார் என்று கேட்டதுண்டா? நீங்கள் பி.காம். நின்றதற்கு அரைப் பக்கம் வருத்தம் எழுதியிருக்கிறீர்கள், நியாயமான வருத்தம்தான். அவர் படிப்பு நின்றதற்கு அந்த ஒரு வரி. நான்கு வருடமாக நீங்கள் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் காபி போட்டு, டிபன் கட்டி, 18,000 ரூபாய் போனதற்கும் சேர்த்து வீட்டுக் கணக்கைச் சரிக்கட்டிய ஆள், ‘கலெக்டரா’ என்று ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்வார். அதைக் கிண்டலாக எடுக்காமல் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தமிழிலேயே எழுதலாம், வயது உச்சவரம்பு கிடையாது. விருப்பமில்லை என்றால் அதுவும் சரி, அவரைப் படிக்க வைக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டால் போதும். அப்புறம் காலைக் காபியை நீங்கள் போடுங்கள், பால் காய்கிற நேரத்தில் நேற்றுப் படித்ததைத் தாளில் எழுதிப் பார்க்கலாம், சரியாகப் பத்து நிமிடம் கிடைக்கும்.

அர்த்தம் உண்டா என்று கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. சம்பளம் கூடாது, சான்றிதழ் வந்தாலும் அதை வைத்து ஒன்றும் ஆகாது. மில்லிலிருந்து வருகிற வழியில் தினமும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறீர்களே, அங்கே யாரும் உங்களை நிற்கச் சொல்லவில்லை. நான்கு வருடமாக ஒருத்தரும் சொல்லாமல் ஒரு மனிதர் ஓர் இடத்தில் போய் நின்றால், அதை வேலையற்ற ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, ‘கரசு’. அகராதியில் இருக்காது. அந்தக் காலக் கல்வெட்டில் ரகரத்துக்கும் நெடிலுக்குப் போடுகிற காலுக்கும் வேறுபாடு இருக்காது, இரண்டும் ஒரே உருவம், நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி சரியாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். ‘ர’ என்று படித்ததைக் காலாக எடுத்துப் படியுங்கள். காசு.

31 வருடமாகத் தினம் கையில் எண்ணுவது, அகராதியில் தேடியிருக்கிறீர்கள்.

அதற்கு அடுத்து ‘பொலியூடடாக’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்களே, அதை நான் சொல்லப்போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், இரண்டு ‘ட’வில் எதற்குப் புள்ளி வைக்கலாம் என்று பாருங்கள். அப்புறம், களத்துமேட்டில் தூற்றிக் குவித்த நெல்லை அளக்க மரக்காலை எடுக்கும்போது, ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவதற்கு முன்னால், உங்கள் அப்பா காலத்தில் என்ன சொல்லிக் கூவினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பங்குனியில் எழுதுங்கள்.